தீப்பெட்டி மேஸ்திரியின் மூன்றாம் ரகக் கம்பி

நெருப்புக்கு அவரைப்போல் பயந்த மனிதர் பாகூர் கொம்யூன் வட்டாரத்தில் அவருக்கு முன்னும் இருந்ததில்லை, பின்னும் பிறக்கவில்லை. கண்ட இடத்திலெல்லாம் அவரைப்போல் நெருப்பு வைத்த மனிதரும் அதே கொம்யூனில் கிடையாது. இரண்டும் ஒரே ஆள்தான் என்றால் வாசகர்கள் நம்பத் தயங்குவீர்கள். கூடவே வேலை பார்த்த எனக்கே அது புரிபட வெகுநாள் ஆயிற்று.

அவருக்கென்று ஒரு பெயர் இருந்திருக்க வேண்டும். எங்களுக்கு அவர் தீப்பெட்டி மேஸ்திரி, அவ்வளவுதான். காக்கி அரை நிஜார், கப்பல்காரர்கள் போடுகிற கோடு போட்ட பனியன், ஒரு பக்கம் மட்டும் புருவம். இன்னொரு புருவம் எப்போதும் கருகியே இருக்கும். அது முளைத்து வருவதற்குள் வேறு எதையாவது கொளுத்திப் பார்த்து மறுபடி தீய்த்துக்கொள்வார். நிஜாரின் இரண்டு பைகளிலும் தீப்பெட்டி பிதுங்கிக்கொண்டிருக்கும். ஆனால் பீடி, சுருட்டு எதையும் தொடமாட்டார். "வாய்ல நெருப்ப வெச்சிக்கினு எவனாவது நடப்பானா?" என்று சுருட்டுப் பிடிப்பவர்களைக் கண்டால் எதிர்ச்சாரிக்குப் போய்விடுவார்.

அவர் வீட்டில் இருக்கிற நேரத்தில் அவர் மனைவி அடுப்பு மூட்டக்கூடாது. காலையில் அவர் மில்லுக்குக் கிளம்பிய பிறகு மூட்டி, சமைத்து, சாயங்காலம் அவர் தலை தெருமுனையில் தெரிவதற்குள் தண்ணீர் ஊற்றி அணைத்துவிட வேண்டும். இதனால் அந்த மனிதர் கல்யாண வீடுகளைத் தவிர வேறெங்கும் சூடான சோறு கண்டதில்லை. போகியன்று ஊரே பழைய பாயையும் துடைப்பத்தையும் கொளுத்தும்போது மேஸ்திரி பாகூர் ஏரியில் இடுப்பளவு தண்ணீரில் நிற்பார். புகையெல்லாம் அடங்கிவிட்டது என்று ஆள் போய்ச் சொன்னால்தான் கரையேறுவார்.

அப்போது எங்கள் பக்கம் பிரெஞ்சுக்காரன் ராஜ்ஜியம். சுங்கச் சாவடியைத் தாண்டினால் கடலூர் பக்கம், இங்கிலீஷ்காரன் சீமை. நம் பக்கத்துத் தீப்பெட்டி அந்தப் பக்கம் கள்ளத்தனமாகப் போகிறது என்று சாவடிச் சிப்பாய்கள் எல்லோரையும் தடவிப் பார்ப்பார்கள். ஒரு முறை சொந்தத்தில் ஒரு சாவு என்று கடலூர் கிளம்பிய மேஸ்திரியைப் பிடித்துப் பைகளை உதறினார்கள். தீப்பெட்டி தீப்பெட்டியாகக் கொட்டியது.

"இத்தினி தீப்பெட்டி எதுக்குடா?" என்று கேட்டான் சிப்பாய்.

"எனக்கு நெருப்புன்னா பயம் ஐயா. அதுக்குத்தான் வெச்சிருக்கேன்" என்றாராம் இவர், உள்ளது உள்ளபடி.

தன்னைக் கேலி செய்கிறான் என்று நினைத்த சிப்பாய், பொழுது சாயும்வரை அவரை வெயிலில் உட்கார வைத்துவிட்டான். சாவுக்குப் போனவர் மறுநாள் பால் தெளிக்கத்தான் போய்ச் சேர்ந்தார் என்று மில்லில் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம்.

மில் என்றால் நெல் அரைக்கிற மில். ஏரிக்குப் போகிற வழியில் இருந்தது. நான் அங்கே எடை குமாஸ்தா. அதனால் மேஸ்திரி என்னைத் தராசு என்றுதான் கூப்பிடுவார். அந்த வட்டாரத்திலேயே கரண்ட் விளக்கு எரிந்த இடம் எங்கள் மில் ஒன்றுதான். எண்ணெயில் ஓடுகிற இஞ்சின், அதிலிருந்து ஒரு அகலமான தோல் பெல்ட், அந்த பெல்ட் சுற்றுகிற ஒரு டைனமோ. அந்த பெல்ட் ஒரு சண்டி. மழை ஈரம் பட்டால் போதும், வழுக்கும். வழுக்கினால் மில் முழுக்க விளக்குகள் மங்கிச் சிவந்துவிடும். உடனே யாராவது ஓடிப்போய் ஒரு மரக்கட்டையால் பெல்ட்டை அழுத்திப் பிடிக்க வேண்டும். டைனமோவும் கம்பிகளும் மேஸ்திரியின் பொறுப்பு என்பதால் கட்டையைப் பிடிப்பதும் பெரும்பாலும் அவர்தான்.

எங்களுக்கெல்லாம் கரண்ட் என்றால் கிலி. சுவருக்குள் ஏதோ ஒன்று ஓடுகிறது, கண்ணுக்குத் தெரியாது, தொட்டால் இழுத்துக்கொள்ளும் என்றால் யாருக்குத்தான் பயம் வராது? ஆனால் மேஸ்திரி வேலைக்கு வந்த பிறகுதான் அந்தக் கிலி முழு உருவம் எடுத்தது. வந்த அன்றைக்கே சுவரோரமாக மூக்கை வைத்து மோந்துகொண்டே மில்லைச் சுற்றி வந்தார். பிறகு தொங்கிக்கொண்டிருந்த கம்பியில் ஒரு துண்டு வெட்டி என் தராசுத் தட்டில் வைத்து, தீக்குச்சி கிழித்து அதில் வைத்தார். துணி சுற்றிய ரப்பர் கம்பி. குபீரென்று பிடித்துக்கொண்டது. நான் நாற்காலியோடு பின்னால் விழுந்தேன்.

"பாத்துக்கினியா தராசு? இது மொத ரகம். தானும் எரியும், பக்கத்து வூட்டுக்கும் எடுத்துக்கினு போவும்."

கம்பிகளில் மூன்று ரகம் என்பது அவர் சித்தாந்தம். கேட்டாலும் கேட்காவிட்டாலும் சொல்வார். முதல் ரகம் இப்போது சொன்னது. இரண்டாவது ரகம் மேலே கல்நார் சுற்றியது. நெருப்பைக் காட்டினால் கருகும், நெருப்பை எடுத்துவிட்டால் அணைந்துவிடும், அடுத்த இடத்துக்குக் கொண்டுபோகாது. ஆனால் உள்ளே இருக்கிற ரப்பர் உருகிவிடும்; விளக்கு செத்துவிடும். மூன்றாவது ரகம்தான் ராஜா. நெருப்புக்குள்ளேயே கிடக்கும், அதன் மறுமுனையில் விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். இது போதாது என்று புகையிலும் தரம் பிரிப்பார். வெள்ளைப் புகை கண்ணோடு விட்டுவிடுமாம். ரப்பரிலிருந்து வருகிற கறுப்புப் புகை தொண்டையைப் பிடித்துக்கொண்டு ஆளை விடாதாம். அதைச் சொல்லும்போது தன் தொண்டையைத் தானே பிடித்துக் காட்டுவார். அதைப் பார்த்த பிறகு பல நாள் நான் தலைமாட்டில் ஈரத்துண்டு வைத்துக்கொண்டுதான் படுத்தேன்.

கம்பியோடு நிறுத்தினாரா? மனிதர்களையும் பிரித்தார். முதலாளி இரண்டாம் ரகம்: எதிரே நின்றால் எரிவார், நகர்ந்துவிட்டால் அணைந்துவிடுவார். என் அக்கா பூரணி முதல் ரகம்: ஒரு வார்த்தை சொன்னால் போதும், தெருவே பற்றிக்கொள்ளும். "நீங்க இன்னா ரகம் மேஸ்திரி?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"நானா? மொத ரகத்துலயும் கட்டக்கடைசி" என்றார் யோசிக்காமல். "பயம் புடிச்சா தாங்க மாட்டேன்டா தராசு. கத்துவேன். என்னைப் பாத்து நாலு பேர் கத்துவான்."

அதற்கு அத்தாட்சி வில்லியனூரில் ஒரு கல்யாணத்தில் கிடைத்தது. பந்தல் முழுக்கக் கலர் பல்புகள், வாடகை டைனமோ. நாங்கள் எல்லோரும் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தபோது மேஸ்திரி மட்டும் பந்தல் காலோரம் மோந்துகொண்டிருந்தார். தாலி கட்டுவதற்குக் கொஞ்சம் முன்னால் மிச்சமாகத் தொங்கிய கம்பியில் ஒரு முழத்தை வெட்டி, நடு வாசலில் போட்டுக் கொளுத்திவிட்டார். சீறிக்கொண்டு எரிந்தது. "மொத ரகம்! எல்லாரும் வெளிய போங்க! மொத ரகம்!" என்று அவர் போட்ட கூச்சலில் கூட்டம் தலைதெறிக்க ஓடியது. மாப்பிள்ளையைத் தேடிப் பிடிக்கவே வெகுநேரம் ஆகிவிட்டது. அவர் தேரடி வரை போய்விட்டிருந்தார். பெண் மணவறையை விட்டு அசையவில்லை. மேஸ்திரி அந்தப் பெண்ணை மட்டும் வெகுகாலம் மூன்றாம் ரகம் என்று மெச்சிக்கொண்டிருந்தார்.

இந்தப் பயம் அவருக்கு எங்கிருந்து வந்தது என்பதை ஒரு மழை நாள் மத்தியானம், இஞ்சின் கொட்டகையில் உட்கார்ந்திருந்தபோது சொன்னார். அவர் பிரெஞ்சுக் கப்பல் ஒன்றில் விளக்குக்காரராக இருந்தவர். நடுக்கடலில் கம்பியில் நெருப்புப் பிடித்தது. பிடித்த வேகத்தில் கப்பல் முழுக்க விளக்குகள் போய்விட்டன.

"நெருப்பு எங்கியோ தூரத்துல இருந்திச்சிடா. எங்ககிட்ட வர்றதுக்கு நேரம் இருந்திச்சி. ஆனா இருட்டு. புகை. எந்தப் பக்கம் படின்னு தெரியல. நான் சொவுத்தத் தடவிக்கினே வந்தேன். எனக்குப் பின்னால எங்கூட்டாளி வந்தான், என் பனியனப் புடிச்சிக்கினு. மேல வந்து பாத்தா அவன் கை இல்ல. எந்த எடத்துல வுட்டான்னு எனக்குத் தெரியல. ஒரே ஒரு பல்பு எரிஞ்சிருந்தா வந்திருப்பான் தராசு."

எனக்கு அந்த நேரத்தில் அக்காவின் ஞாபகம்தான் வந்தது.

காரணம் இருந்தது. எங்கள் மில்லின் கடைக்கோடியில் சாக்குக் கிடங்கு. கோணி தைக்கிற பெண்கள் அதற்குள்தான் உட்கார்ந்து தைப்பார்கள். என் அக்கா அவர்களுக்குத் தலைவி. அம்மா போன பிறகு எனக்குச் சோறு போட்டு ஆளாக்கியவள் அவள்; எனக்கென்று வேறு யாரும் இல்லை. அந்தக் கிடங்குக்கு ஜன்னல் கிடையாது. ஜன்னல் வைத்தால் திருடன் வருவான் என்பது முதலாளியின் பயம். பட்டப்பகலிலும் பல்பு எரிந்தால்தான் ஊசி தெரியும். வெளியே வர வேண்டுமென்றால் தவிட்டு அறை வழியாகத்தான் வர வேண்டும். தவிட்டு அறை என்றால் கூரைவரை தவிட்டுத் தூசி, சுவரெல்லாம் எலி கடித்த முதல் ரகக் கம்பி.

மேஸ்திரி முதலாளியிடம் போனார். "ஒண்ணு ஜன்னல் வைய்யிங்க, இல்ல கம்பிய மாத்துங்க மொதலாளி. அந்தப் பொம்பளைங்க பொழச்சி வெளிய வரணும்."

"இன்னாய்யா நீ, நல்ல நாள்ல அபசகுனம் பேசற! போய் வேலையப் பாரு" என்று எரிந்து விழுந்தார் முதலாளி. மேஸ்திரி நகர்ந்ததும் அணைந்துவிட்டார்.

அதற்குப் பிறகுதான் மேஸ்திரி தன் தகரப் பெட்டியிலிருந்து மூன்றாம் ரகக் கம்பிச் சுருள் ஒன்றை எடுத்து வந்தார். கப்பல் வேலையை விட்டு வரும்போது கையோடு கொண்டு வந்தது. பார்ப்பதற்குக் கம்பி மாதிரியே இல்லை. செம்பில் செய்த மெல்லிய குழாய். மில் வாசலில் எல்லோரையும் கூட்டினார். சுருளின் ஒரு முனையை டைனமோவோடு இணைத்து, மறுமுனையில் பல்பை மாட்டி, நடுப்பகுதியை நெல் அவிக்கிற அடுப்புக்குள் தள்ளினார். தள்ளியவர் அலறிக்கொண்டு புளியமரத்துக்குப் பின்னால் ஓடி ஒளிந்துகொண்டார். அங்கிருந்தே, "எரியுதா? பல்பு எரியுதா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். அடுப்பில் குழாய் செக்கச்செவேல் என்று பழுத்துவிட்டது. பல்பு கண் சிமிட்டாமல் எரிந்தது.

இத்தோடு விட்டிருந்தால் வம்பே இல்லை. ஆறிய பிறகு, உள்ளே என்ன இருக்கிறது என்று காட்டுகிறேன் பேர்வழி என்று ஒரு துண்டை அறுத்தார். நடுவில் ஒரு செம்புக் கம்பி. அதைச் சுற்றி இறுக அடைத்த வெள்ளை வெளேரென்ற பொடி. உள்ளங்கையில் தட்டினார். எரிவதற்கு இதில் ரப்பரும் இல்லை, துணியும் இல்லை, வெறும் பொடிதான். அதனால்தான் நெருப்பு தோற்றுப்போகிறது என்று விளக்கினார். யார் கேட்டார்கள்? நெல் அவிக்கிற கிழவர் ஒருவர் கன்னத்தில் போட்டுக்கொண்டு முன்னால் வந்து, அந்தப் பொடியை ஒரு சிட்டிகை எடுத்து நெற்றியில் பூசிக்கொண்டார்.

"நெருப்பே தொடமாட்டேங்குது. திருநீறு இல்லாம இன்னா?" என்றார்.

மேஸ்திரி தலையில் அடித்துக்கொண்டார். "யோவ், இது மண்ணுல கெடைக்கிற பொடிய்யா! கடையில விக்கிறான்யா!" பிரெஞ்சில் அதன் பெயரையும் சொன்னார். ஒருவரும் காதில் வாங்கவில்லை. போதாத காலத்துக்கு, கிழவர் நெற்றியில் பூசியது போக மிச்சத்தை வாயில் போட்டுக்கொண்டார். வருஷக்கணக்காக அவரைப் படுத்திய நெஞ்செரிச்சல் அன்று சாயங்காலமே நின்றுவிட்டது. அந்தப் பொடி வயிற்றுக்கு மருந்தும்கூட என்பது எனக்குப் பின்னாளில்தான் தெரிந்தது. அன்றைக்கு அது அற்புதம். மறுநாள் காலை மில் வாசலில் நெஞ்செரிச்சல்காரர்கள் கூடிவிட்டார்கள். திருபுவனையிலிருந்துகூட ஒருவர் வண்டி கட்டிக்கொண்டு வந்திருந்தார். சாயங்காலம் முதலாளி என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "உம் மேஸ்திரிகிட்ட அந்தப் பொடி ஒரு சிட்டிகை வாங்கியா. என் பேரச் சொல்லாத" என்றார்.

மேஸ்திரி யாருக்கும் கொடுக்கவில்லை. சுருள் முழுவதையும் டைனமோவிலிருந்து தவிட்டு அறை வழியாகச் சாக்குக் கிடங்குவரை இழுத்துப் பூட்டிவிட்டார். கிடங்குக்குள் ஒரு பல்பு, தவிட்டு அறையின் வெளிவாசலுக்கு மேல் ஒரு பல்பு. மற்ற விளக்குகள் எல்லாம் போனாலும் இவை இரண்டும் எரிய வேண்டும் என்று அதற்குத் தனியாக ஃப்யூஸ் போட்டார். அறுத்த முனைகளுக்கெல்லாம் அரக்கு வைத்து மூடினார். இந்தக் கம்பிக்கு நெருப்புப் பயம் கிடையாது, ஈரத்துக்குத்தான் பயம். பொடி ஈரம் குடித்துவிட்டால் கரண்ட் பொடி வழியாகவே கசிய ஆரம்பித்துவிடும், விளக்கு போய்விடும். "எவளும் அரக்குல கை வைக்கக் கூடாது" என்று பெண்களிடம் சத்தியம் வாங்காத குறையாகச் சொல்லிவிட்டு வந்தார்.

சொன்னது முதல் ரகத்திடம் அல்லவா! மத்தியானச் சாப்பாட்டுக்கு இஞ்சினை நிறுத்துவார்கள். அந்த நேரத்தில் இருட்டில் தடவித் தடவியே கோணி ஊசியால் அரக்கைத் தோண்டி, பொடியைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக் குங்குமச் சிமிழில் சேர்த்தார்கள் கிடங்குப் பெண்கள். தோண்டிய இடத்தில் சாதத்தை அப்பி மூடினார்கள். ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. ஒரு நாள் காலை மேஸ்திரி அந்தச் செம்புக் குழாயைத் தொட்டவர், கையை உதறிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். கம்பி கசிகிறது. முனையைப் பார்த்தார். சாதம். பெண்களைப் பார்த்தார். வரிசையாக எல்லோர் நெற்றியிலும் வெள்ளைக் கீற்று. என் அக்காவின் நெற்றியில் பட்டையாகவே இருந்தது.

திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை. "உங்க உசுரத் தோண்டி நெத்தியில பூசிக்கினு நிக்கிறீங்களேம்மா" என்றார். அக்கா முந்தானையால் நெற்றியை மறைத்துக்கொண்டாள்.

ஈரத்தை விரட்ட ஒரே வழி, முனையைச் சூடு காட்டுவது. அதாவது சாக்குகளுக்கு நடுவே நெருப்பைக் கொண்டுபோவது. கொளுத்திப் பார்க்கிறேன் என்று ஊரெல்லாம் நெருப்பு வைத்த மனிதர் அந்தக் கிடங்குக்குள் ஒரு தீக்குச்சிகூடக் கிழித்ததில்லை. அன்று முழுக்க வாசலில் நின்று உள்ளே போகலாமா வேண்டாமா என்று தவித்தார். கடைசியில் பெண்களை வெளியே அனுப்பி, சாக்குகளைத் தள்ளி வைத்து, சுற்றிலும் தண்ணீர்க் குடங்களை அடுக்கி, என்னை ஈரக் கோணியோடு பக்கத்தில் நிறுத்தி, ஊதுவிளக்கைப் பற்றவைத்தார். முணுமுணுத்துக்கொண்டே சூடு காட்டினார். பொடி வெளுத்தது. அரக்கு வைத்தார். விளக்கு எரிந்தது. வெளியே வந்து அப்படியே மழையில் நின்றார்.

அந்த வாரமே அது நடந்தது.

மத்தியானம். சாப்பாடு முடிந்து இஞ்சினை மறுபடி கிளப்பியிருந்தார்கள்; மழை சற்று விட்டிருந்தது. நான் வெளி வாசலில் தராசோடு இருந்தேன். முதலில் வாடைதான் வந்தது. ரப்பர் தீய்கிற வாடை. மேஸ்திரி தட்டில் கொளுத்திக் காட்டிய அதே வாடை என்று மூளைக்கு எட்டுவதற்குள் தவிட்டு அறையிலிருந்து கறுப்புப் புகை பொங்கி வந்துவிட்டது. மில்லில் இருந்த விளக்குகள் எல்லாம் ஒரே நேரத்தில் செத்தன. ஆட்கள் ஒருவர் மேல் ஒருவர் விழுந்து ஓடினார்கள். இஞ்சின் ஓட்டுகிறவர் மதில் ஏறிக் குதித்தார். இஞ்சின் மட்டும் ஆளில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது.

அக்கா உள்ளே இருந்தாள்.

எனக்குக் கால் வரவில்லை. இதை அப்படியேதான் சொல்ல வேண்டும். ஓட நினைக்கிறேன், கால் மண்ணில் புதைந்தது மாதிரி நிற்கிறது. தவிட்டு அறையின் வாசலுக்கு மேல் அந்த ஒரு பல்பு மட்டும் புகைக்குள் எரிந்துகொண்டிருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது மங்கியது. சிவந்தது. ஈர பெல்ட் வழுக்குகிறது! கம்பி எவ்வளவு நல்ல ரகமாக இருந்து என்ன பிரயோஜனம், டைனமோ சுற்றவில்லையென்றால்? மேஸ்திரி உட்பட நாங்கள் யாருமே அதை யோசித்திருக்கவில்லை. பல்பு ஒரு சிவப்புக் கோடாகச் சுருங்கியது. எனக்கு உலகம் இருண்டுவிட்டது.

அப்போதுதான் இஞ்சின் கொட்டகையிலிருந்து அந்த அலறல் கேட்டது.

"மோன் தியே! ஐயோ எம்மா! மோன் தியே!"

மோன் தியே என்பது பிரெஞ்சுக்காரர்கள் கடவுளைக் கூப்பிடுகிற விதம். அப்படியொரு அலறலை நான் அதற்கு முன்னும் பின்னும் கேட்டதில்லை. அலறல் எழுந்ததும் பல்பு மறுபடி பளிச்சென்று எரிந்தது. மங்கும், அலறல் உச்சத்துக்குப் போகும், பளிச்சென்று எரியும். என் கால் அப்போதுதான் எனக்குத் திரும்பக் கிடைத்தது. வாசலுக்கு ஓடி, மழையில் நனைந்திருந்த என் துண்டை மூக்கில் கட்டிக்கொண்டு, "இங்க! வெளக்கப் பாத்து வாங்க! வெளக்கப் பாத்து!" என்று கத்தினேன். புகைக்குள்ளிருந்து முதலில் ஒரு பெண் வந்தாள். அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு இன்னொருத்தி. அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு அடுத்தவள். இருமிக்கொண்டும் அழுதுகொண்டும் சங்கிலியாக வந்தார்கள். அக்கா வரவில்லை. ஒவ்வொரு முகமாகப் பார்க்கிறேன், அக்கா இல்லை. கடைசி முந்தானையின் நுனியில்தான் அவள் வந்தாள். ஒருத்தியையும் பின்னால் விடக்கூடாது என்று எல்லோரையும் முன்னால் தள்ளிவிட்டு வந்திருக்கிறாள். அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதேன்.

"டேய், வுடுடா. அங்க மேஸ்திரி கத்தறாருடா" என்றாள்.

கொட்டகையின் கூரைக்கு அதற்குள் நெருப்பு தாவிவிட்டிருந்தது. உள்ளே மேஸ்திரி, கண்களை இறுக மூடிக்கொண்டு, கட்டையால் பெல்ட்டை அழுத்திப் பிடித்தபடி அலறிக்கொண்டிருந்தார். உடம்பு முழுக்க ஆடியது. நிஜார் நனைந்திருந்தது, அது மழையால் அல்ல. மேலிருந்து தீக்கங்கு விழுந்துகொண்டிருந்தது. கால் மட்டும் இருந்த இடத்தை விட்டு நகரவில்லை.

"மேஸ்திரி! வாங்க! எல்லாரும் வந்துட்டாங்க!" என்று கத்தினேன். அவர் அலறலில் அவருக்கே எதுவும் கேட்கவில்லை. அக்கா நேரே உள்ளே போய் அவர் காதைப் பிடித்துத் திருகினாள்.

"யோவ் மேஸ்திரி! நாந்தான்யா கடைசி. கையெடுய்யா!"

ஒரு கண்ணை மட்டும் திறந்தார். "நீ மொத ரகம். உன்ன நம்ப மாட்டேன். தராசு, நீ சொல்லு. எல்லாரும் வந்துட்டாங்களா?"

"எல்லாரும் வந்துட்டாங்க மேஸ்திரி. கையெடுங்க."

கட்டையை விட்டார். இழுத்துக்கொண்டு வெளியே வந்தோம். கொஞ்ச நேரத்தில் கொட்டகை சரிந்தது.

புளியமரத்தடியில் அவரை உட்கார வைத்தோம். மிச்சமிருந்த புருவமும் போய்விட்டிருந்தது. கிடங்குப் பெண்கள் சுற்றி நின்றார்கள். அக்கா இடுப்பிலிருந்து குங்குமச் சிமிழை எடுத்தாள். திறந்து, அந்த வெள்ளைப் பொடியை விரலில் தொட்டாள். மேஸ்திரிக்கு அது தெரிந்துவிட்டது.

"இதத் தோண்டாதீங்கன்னுதானே…" என்று ஆரம்பித்தார்.

"சும்மா இருங்கண்ணே" என்றாள் அக்கா.

அவர் சும்மா இருந்தார். தலையைக் குனிந்து காட்டினார். அக்கா பூசிவிட்டாள். பிறகு ஒவ்வொரு பெண்ணாக வந்து அதே சிமிழிலிருந்து எடுத்துப் பூசினார்கள். அவர் முகம் முழுக்க வெள்ளையாகிவிட்டது. கண்ணீர் இறங்கிய இடத்தில் மட்டும் கோடு தெரிந்தது.

முதலாளி மில்லைத் திரும்பக் கட்டியபோது சாக்குக் கிடங்குக்கு நான்கு பக்கமும் ஜன்னல் வைத்தார். திருடனும் வந்தான். மேஸ்திரி மட்டும் வரவில்லை. வில்லியனூரில் சோடாக் கடை போட்டுவிட்டார். தனக்குத் தெரிந்தவரை நெருப்பே இல்லாத தொழில் அது ஒன்றுதான் என்றார். நான் போகும்போதெல்லாம் ஒரு கோலி சோடா உடைத்துக் கொடுத்துவிட்டு, "பூரணி எப்டி இருக்கா? இன்னும் எரியுதா?" என்று கேட்பார். அந்த அலறலை ஊரில் எல்லோரும் நடித்துக் காட்டுவார்கள். மேஸ்திரியும் கூடவே சிரிப்பார். அக்கா முன்னால் மட்டும் யாரும் நடித்துக் காட்ட முடியாது.

மேஸ்திரியும் இல்லை, அக்காவும் இல்லை. இப்போது குக்கிராமம்வரை கரண்ட் வந்துவிட்டது. என் வீட்டிலும் இருக்கிறது. எனக்குத்தான் பயம் விடவில்லை. மழைக்காலத்தில் விளக்கு மங்கும், சிவக்கும், இதோ போய்விட்டது என்று நினைக்கும்போது மறுபடி பளிச்சென்று எரியும். எங்கேயோ ஒருவர் கண்ணை மூடி அலறிக்கொண்டு கட்டையைப் பிடித்து நிற்கிறார் என்றே எனக்குத் தோன்றும். வீட்டில் இருப்பவர்களுக்குக் கேட்காமல் மெதுவாகச் சொல்லிக்கொள்வேன்: "நாங்க எல்லாரும் வந்துட்டோம் மேஸ்திரி. கையெடுங்க."